பொதுத் தொலைக்காட்சிக்கு ஒரு சமையல் மாலை: கொடையாளர் விருந்தை நடத்த முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் கொஞ்ச காலம் இருந்தவர்கள் அந்தத் துணிப் பையைப் பார்த்திருப்பீர்கள். உள்ளூர்ப் பொதுத் தொலைக்காட்சி நிலையத்தின் சின்னம் போட்டிருக்கும், நூலகத்திலும் சனிக்கிழமைக் காய்கறிச் சந்தையிலும் யார் தோளிலாவது தொங்கும். நிகழ்ச்சியை நடுவில் நிறுத்தி, போன் எண்ணைக் காட்டி நன்கொடை கேட்பார்களே, அப்போது பணம் அனுப்பியவர்களுக்குக் கிடைக்கும் பதில் மரியாதை அது. நான் எழுதப்போவது அதைவிடப் பெரிய வேலையைப் பற்றி: சமையல் நிகழ்ச்சி நடத்துபவர்களை வரவழைத்து, நூற்றிருபது பேரை உட்காரவைத்து, அவர்கள் கண்ணெதிரே சமைத்து, சாப்பாடு போட்டு, நிலையத்துக்குப் பணம் திரட்டும் மாலை. எங்கள் ஊர் நிலையத்துக்காக இப்படிச் சில மாலைகளில் தன்னார்வலராக வேலை செய்திருக்கிறேன், பெரும்பாலும் பாத்திரம் கழுவும் பக்கத்தில். மேடையிலிருந்து தெரியாத பல விஷயங்கள் அங்கிருந்து நன்றாகவே தெரியும்.

இதற்கு இப்போது என்ன அவசரம் என்றால், 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த இரண்டு ஆண்டுப் பணத்தை, சுமார் 110 கோடி டாலரை, திரும்ப எடுத்துக்கொண்டது. 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, அந்தப் பணத்தை நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவந்த பொது ஒலிபரப்புக் கழகம் அடுத்த மாதமே கடையைக் கட்டப்போவதாக அறிவித்துவிட்டது. பெரிய நகரத்து நிலையங்கள் எப்படியோ சமாளிக்கும். கிராமப்புறத்துச் சிறு நிலையங்கள் பலவற்றுக்கு வரவில் பெரும்பங்கு அதுவாகத்தான் இருந்தது. ஆகவே இனி நேயர்தான் எல்லாம்.

சரி, ஏன் சமையல்? ஏனென்றால் பொதுத் தொலைக்காட்சியும் சமையலும் சேர்ந்தே வளர்ந்தவை. 1962-இல் பாஸ்டனில் டபிள்யூ.ஜி.பி.எச் நிலையத்தின் புத்தக நிகழ்ச்சி ஒன்றுக்கு ஜூலியா சைல்ட் தன் சமையல் புத்தகத்தைப் பற்றிப் பேச வந்தார். வெறுமனே பேசாமல் ஒரு மின் அடுப்பையும் முட்டைகளையும் கொண்டுவந்து ஆம்லெட் போட்டுக் காட்டினார். இன்னும் வேண்டும் என்று நேயர்கள் கடிதம் எழுதினார்கள். 1963 பிப்ரவரியில் அவருடைய நிகழ்ச்சி தொடங்கியது. அன்று தொடங்கி ஜாக் பெப்பின், மார்ட்டின் யான், லிடியா பாஸ்தியானிச், ரிக் பேலெஸ், பதி ஹினிச் என்று வரிசை நீள்கிறது. இருபது வருடமாகச் சனிக்கிழமை மதியம் தன் வீட்டு வரவேற்பறைக்கு வந்துபோகும் ஒருவரை நேரில் பார்ப்பது நேயருக்குச் சொந்தக்காரரைப் பார்ப்பது போல. அந்த நெருக்கத்தை வைத்துத்தான் இந்த மாலையே நடக்கிறது. அது கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் மேஜை நாற்காலி வேலை.

முதலில் கணக்கு

பலரும் முதலில் பிரபலத்தைப் பிடிக்க ஓடுவார்கள். முதலில் ஒரு தாளை எடுங்கள். கணக்குக்காக, 120 பேர், டிக்கெட் 175 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரவு 21,000. சாப்பாடு தலைக்கு 55 வீதம் 6,600, மண்டபம் 2,500, ஒலியும் கேமராவும் வாடகைப் பொருட்களும் 2,500, விருந்தினராக வரும் சமையல்காரரின் பயணமும் தங்கலும் 2,000, பரிமாறுகிறவர்கள் 1,500, அச்சும் சில்லறையும் 900. மொத்தச் செலவு 16,000. கையில் நிற்பது 5,000. ஆறு மாத உழைப்புக்கு ஐந்தாயிரம்! அதுவும் விருந்தினர் சன்மானம் கேட்காமல் இருந்தால்தான்.

ஆகவே டிக்கெட் விற்று நிலையத்தைக் காப்பாற்ற முடியாது. டிக்கெட் செலவை ஈடுகட்டத்தான். பணம் வரும் வழிகள் வேறு மூன்று: முன்கூட்டியே பிடித்த ஸ்பான்சர், அந்த அறையிலேயே எழுந்து நின்று கேட்கும் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் செய்யும் போன்கள். இதைக் குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த வேலை. ஒப்புக்கொள்ளாவிட்டால் மேஜை விரிப்பின் நிறத்தைப் பற்றி மூன்று கூட்டம் நடக்கும், யாரிடம் எவ்வளவு கேட்பது என்பதைப் பற்றி ஒரு கூட்டம்கூட நடக்காது.

ஆறு மாதம் முன்: யாரை அழைப்பது, எப்படி

புதியவர்கள் தவறாக நினைக்கும் ஒன்று: அந்தச் சமையல் நிகழ்ச்சிகள் எல்லாம் உங்கள் ஊர் நிலையத்தின் சொத்து அல்ல, பல நிகழ்ச்சிகள் பி.பி.எஸ் என்ற தேசியப் பொதுத் தொலைக்காட்சி அமைப்பின் சொத்தும் அல்ல. பெரும்பாலானவற்றைத் தனித் தயாரிப்பு நிறுவனங்களோ வேறு ஊர் நிலையங்களோ எடுக்கின்றன. பாஸ்டனில் உள்ள அமெரிக்கன் பப்ளிக் டெலிவிஷன் போன்ற விநியோகிப்பாளர்கள் அவற்றை நாடெங்கும் உள்ள நிலையங்களுக்குக் கொண்டுசேர்க்கிறார்கள். ஆகவே "எங்கள் நிலையத்தில்தானே அவர் வருகிறார், ஒரு போன் போட்டால் வந்துவிடுவார்" என்பது நடக்காது. நிலையத்தின் நிகழ்ச்சித் துறையைக் கேட்டு, தயாரிப்பு நிறுவனத்தின் தொடர்பை வாங்கி, அவர்கள் மூலமாகப் போங்கள்.

குறைந்த செலவில் வரவழைக்க ஒரு வழி உண்டு: புதுச் சமையல் புத்தகம் எப்போது வருகிறது என்று பாருங்கள். புத்தகம் வெளிவரும் சமயத்தில் அவர்கள் எப்படியும் ஊர் ஊராகப் போகத்தான் போகிறார்கள். உங்கள் ஊரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டால், பயணச் செலவில் ஒரு பங்கைப் பதிப்பகம் ஏற்கக்கூடும். நூறு புத்தகம் நிச்சயமாக வாங்குகிறோம் என்று எழுத்தில் கொடுத்தால் பேச்சு இன்னும் சுலபம். புத்தகத்தை உள்ளூர்ப் புத்தகக் கடை மூலம் வாங்குங்கள், கடைக்காரரும் நாலு பேரிடம் சொல்லுவார்.

ஒருவரா இருவரா? என் ஓட்டு இருவருக்கு. ஒருவர் சமைத்தால் அது வகுப்பு, இருவர் சமைத்தால் அங்கே வாக்குவாதம் வரும். ஜூலியாவும் ஜாக் பெப்பினும் சேர்ந்து 1999-இல் செய்த தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஜூலியாவுக்கு வெள்ளை மிளகு, பெப்பினுக்குக் கருமிளகு, இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், நமக்கு அதுதான் சுவாரசியம். பெரிய பெயர் ஒருவர்தான் கிடைத்தார் என்றால், உள்ளூர் உணவகச் சமையல்காரர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். மூன்று பேர் மட்டும் வேண்டாம். மூன்றாமவர் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார், பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: எத்தனை மணிக்கு வருவார், எத்தனை நிமிடம் மேடையில், கையெழுத்துப் போட எவ்வளவு நேரம், முக்கியக் கொடையாளர்களோடு தனிச் சந்திப்பு உண்டா, ஒளிப்பதிவு செய்யலாமா, செய்தால் அதை எங்கெல்லாம் பயன்படுத்தலாம். கடைசி இரண்டும் விட்டுப்போனால் பிறகு வழக்கறிஞர் கடிதம்தான் வரும்.

நான்கு மாதம் முன்: இடமும் மின்சாரமும்

எங்கள் நிலையத்தில் சமையலறை இல்லையே என்று கலங்க வேண்டாம். ஜூலியா தொடங்கியபோது பாஸ்டன் நிலையம் தீயில் எரிந்துபோயிருந்தது. முன்னோட்டப் படப்பிடிப்பை எரிவாயு நிறுவனம் ஒன்றின் அரங்கிலும், பிறகு முதல் தொடரை மின்சார நிறுவனத்தின் செயல்விளக்கச் சமையலறையிலும் எடுத்தார்கள். சமையல் கற்பிக்கும் கல்லூரி, அடுப்பு விற்கும் பெரிய கடை, தேவாலய மண்டபம் எல்லாமே சரிதான். நிலையத்தின் ஸ்டூடியோவிலேயே நடத்த முடிந்தால் அதற்கு ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. விளக்குகளும் கேமராவும் பார்த்து மக்கள் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்கள்.

ஆனால் இடத்தைப் பார்க்கப் போகும்போது அலங்காரத்தைப் பார்க்காதீர்கள், பிளக் பாயிண்டைப் பாருங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. மேசை மேல் வைக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று 1,800 வாட் இழுக்கும். இங்கே மின்னழுத்தம் 120 வோல்ட், அதாவது 15 ஆம்பியர். 20 ஆம்பியர் சுற்று ஒன்றில் அந்த ஒரே அடுப்புதான் தாங்கும், வேறொன்றும் கூடாது. ஒரு மாலை, சாஸ் கொதிக்கத் தொடங்கும் நேரம் பார்த்து மேடை இருண்டது. அடுப்பு இருந்த அதே சுற்றில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பெரிய காபி பாய்லரைச் சொருகியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். பிரேக்கர் பெட்டி பூட்டிய அறைக்குள் இருந்தது, சாவி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போயிருந்தார். விருந்தினர் இருட்டில் இருபது நிமிடம் தன் பாட்டி கதையைச் சொல்லி எங்களைக் காப்பாற்றினார். எனவே எத்தனை அடுப்போ அத்தனை தனிச் சுற்று, எந்த பிளக் எந்தச் சுற்று என்று டேப் ஒட்டி எழுதிவையுங்கள், பெட்டியின் சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.

இண்டக்‌ஷன் என்றால் பாத்திரமும் அதற்கேற்றதாக வேண்டும், அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். விருந்தினர் ஆசையாகக் கொண்டுவரும் செப்புப் பாத்திரம் அதில் சூடாகாது. அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

எண்ணெயில் பொரிக்கும் எதுவும் வேண்டாம். புகை எச்சரிக்கை மணி அடித்தால் 120 பேரும் வாசலில் நிற்பார்கள், தீயணைப்பு வண்டியும் வந்து நிற்கும். பொரித்தே ஆக வேண்டும் என்று அவர் நின்றால், எண்ணெய்த் தீக்கான கே வகை தீயணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும். மண்டபத்தார் அனுமதியும் எழுத்தில் வேண்டும்.

அப்புறம் கண்ணும் காதும். மேடை மேசையில் என்ன நடக்கிறது என்று மூன்றாவது வரிசையிலிருந்தே தெரியாது. அடுப்புக்கு நேர் மேலே ஒரு கேமரா, இரண்டு பக்கமும் பெரிய திரை, இதில் கஞ்சத்தனம் கூடாது. சட்டையில் குத்தும் மைக் ஏப்ரனில் உரசிக் கரகரக்கும். காதில் மாட்டும் மைக் வாங்குங்கள்.

இரண்டு மாதம் முன்: உணவு, அழைப்பு, வரி

மேடையில் சமைப்பதை யாரும் சாப்பிடப் போவதில்லை. அது நான்கு பேருக்கான அளவு. விருந்தினரின் அதே செய்முறையை உரிமம் பெற்ற கேட்டரர் ஒருவர் 120 பேருக்குச் செய்து, மேடையில் அந்த உணவு முடியும் நேரத்தில் தட்டில் கொண்டுவர வேண்டும். வாசனை மேடையிலிருந்து வரும்போது தட்டு கையில் இருக்க வேண்டும், இதில் பத்து நிமிடம் பிசகினால் மந்திரம் போய்விடும். செய்முறையை அந்தக் கேட்டரர் ஒரு மாதம் முன்பே முழு அளவில் ஒருமுறை செய்து பார்க்கட்டும். நாலு பேர் சாஸை முப்பதால் பெருக்கினால் அதே சாஸ் வராது என்பது பந்திக்குச் சமைக்கிற யாருக்கும் தெரியும்.

தன்னார்வலர்கள் வீட்டில் செய்துகொண்டு வரட்டுமே என்று யாராவது சொல்வார்கள். பல இடங்களில் சுகாதாரத் துறை விடாது, விட்டாலும் வேண்டாம். சூடான உணவு 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 57 செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. குளிர்ந்தது 41-க்கு, 5 செல்சியஸுக்கு, மேலே ஏறக் கூடாது. நான்கு வீட்டுக் கார்களில் வரும் நான்கு பாத்திரங்களுக்கு இதை யார் அளந்து பார்ப்பது?

பதிவுப் படிவத்தில் ஒவ்வாமையைக் கேளுங்கள். அமெரிக்கச் சட்டப்படி முக்கியமானவை ஒன்பது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, 2023 முதல் எள். சைவர்களையும் தனியாகக் கேளுங்கள். "சைவம், மீன் மட்டும் உண்டு" என்கிறவர்கள் இங்கே ஏராளம், நம்மவர்கள் சைவம் என்றால் அது வேறு. காய்கறி உணவுதான் என்று சொல்லி வைப்பார்கள், அடியில் கோழி வேகவைத்த நீர் இருக்கும். வூஸ்டர்ஷையர் சாஸில் நெத்திலி இருக்கும். கேட்டரரிடம் ஒவ்வொரு சேர்மானமாகக் கேட்டு எழுதிவாங்குவதில் வெட்கம் வேண்டாம்.

மது பரிமாறுவதாக இருந்தால் தற்காலிக உரிமம் வேண்டும், மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, கடைசி வாரம் விண்ணப்பித்தால் கிடைக்காது.

இனி வரி. இதில்தான் நல்ல மனதுள்ள குழுக்கள் சறுக்கும். நிலையம் லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவானது என்பதால் டிக்கெட் பணம் முழுவதும் வரிக்கழிவு என்று அழைப்பிதழில் போட்டுவிடுவார்கள். தவறு. பதிலுக்குச் சாப்பாடும் புத்தகமும் கிடைக்கிறதே, அதன் சந்தை மதிப்பைக் கழித்தது போக மீதிதான் கொடை. 175 டாலர் டிக்கெட்டில் விருந்தும் நிகழ்ச்சியும் 80, புத்தகம் 35 பெறும் என்றால் கழிவு 60 மட்டுமே. கடைக்காரர் உங்களுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தாலும் மதிப்பு மதிப்புதான். ஒருவர் 75 டாலருக்கு மேல் கொடுத்துப் பதிலுக்கு எதையாவது பெறுகிறார் என்றால் இந்த மதிப்பை நிலையம் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். அதை டிக்கெட்டிலேயே அச்சடித்துவிடுங்கள். 250 அல்லது அதற்கு மேல் கொடுப்பவருக்கு நிலையத்தின் ஒப்புகைக் கடிதம் இல்லாமல் கழிவு கிடைக்காது. கொடையாளர் பெயரில் இயங்கும் அறநிதிக் கணக்கிலிருந்து (donor-advised fund) டிக்கெட் வாங்க முடியாது, அந்தப் பணத்துக்கு விருந்து சாப்பிடக் கூடாது என்பது விதி. மொய் விருந்து போட்டுப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும், அங்கே நோட்டில் எழுதினால் முடிந்தது.

ஏலம் வைப்பதும் பழைய வழக்கம்தான், சான் பிரான்சிஸ்கோவின் கே.கியூ.இ.டி நிலையம் 1955-லேயே ஒளிபரப்பில் ஏலம் நடத்திப் பணம் திரட்டியது. வைக்கலாம், ஆனால் ஐந்து பொருளுக்கு மேல் வேண்டாம். விருந்தினர் மேடையில் அணிந்த ஏப்ரனில் கையெழுத்து வாங்கி வையுங்கள், ஹோட்டல் கூப்பனைவிட அதற்குத்தான் கை உயரும். குலுக்கல் சீட்டு என்றால் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள், அந்தச் சீட்டுப் பணத்துக்கு வரிக்கழிவும் கிடையாது.

ஸ்பான்சர்களைப் பற்றி ஒன்று. மண்டபத்தில் அவர்களை எப்படி வேண்டுமானாலும் புகழலாம். ஆனால் மாலையைப் பதிவுசெய்து ஒளிபரப்பும் எண்ணம் இருந்தால் கவனம்: பொது நிலையம் விளம்பரம் போடக் கூடாது, விலை சொல்லக் கூடாது, "வாங்குங்கள்" என்றோ "இதுவே சிறந்தது" என்றோ சொல்லக் கூடாது என்பது அமெரிக்க ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி அமைப்பின் விதி. நன்றி அறிவிப்போடு நிறுத்த வேண்டும்.

அந்த நாள்

காலையில் விருந்தினரின் உதவியாளரோடு உட்கார்ந்து ஒவ்வொரு உணவையும் மூன்று நிலையில் தயார்செய்யுங்கள்: நறுக்கிக் கிண்ணத்தில் வைத்தது, பாதி வெந்தது, முழுதாக முடிந்தது. தொலைக்காட்சியில் "இதோ, ஏற்கெனவே ஒன்று செய்து வைத்திருக்கிறேன்" என்பார்களே, அதேதான். ஒவ்வொன்றையும் மேடைக்குப் பின்னே எந்த வரிசையில் எடுத்துத் தர வேண்டும் என்று ஒருவரை நியமியுங்கள். அவருக்கு அன்று வேறு வேலை கிடையாது.

மூன்று மணிக்கு முழு ஒத்திகை, எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் எரியட்டும், காபியும் கொதிக்கட்டும்.

கதவு திறந்ததும் கொடையாளர்களை ஒரு மணி நேரம் நிற்கவைத்து வைன் கொடுப்பது வழக்கம். நான் அதை முக்கால் மணியாகக் குறைக்கச் சொல்வேன், வயதானவர்கள் அதிகம் வருவார்கள், கால் வலிக்கும். மேஜைகளில் யார் யாரோடு என்பதை நிலையத்தில் கொடையாளர்களை நேரில் அறிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் நிலையத்தின் ஆள் ஒருவர் உட்கார வேண்டும், பேசுவதற்கு அல்ல, கேட்பதற்கு. "என் மனைவி இருந்தவரை இருவரும் சேர்ந்து இதைப் பார்ப்போம்" என்று யாரோ சூப்புக்கு நடுவே சொல்வார்கள். அதை இரவே எழுதிவைக்க வேண்டும்.

மேடையில் ஏதாவது தவறினால் ஓடிப்போய்ச் சரிசெய்யாதீர்கள். ஜூலியா உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப் போடும்போது அது சட்டியை விட்டு அடுப்பின் மேல் விழுந்தது, எடுத்துச் சேர்த்துக்கொண்டார், இன்றுவரை மக்கள் பேசுவது அதைத்தான். அதுவே காலப்போக்கில் தரையில் விழுந்த கோழியாக வளர்ந்துவிட்டது, கோழி எதுவும் விழவில்லை. நெருப்பு, ரத்தம் இரண்டுக்கு மட்டும் நீங்கள் மேடையேறலாம்.

கேட்கும் ஐந்து நிமிடம்

எப்போது? முக்கிய உணவு முடிந்து, இனிப்பைச் செய்யத் தொடங்குவதற்கு முன். கடைசியில் வைத்தால் பாதிப் பேர் கார் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

யார் கேட்பது? விருந்தினர் அல்ல. அவர் ஊருக்குப் போய்விடுவார். நிலைய மேலாளரும் அல்ல, அவர் சம்பளக்காரர். உள்ளூர் நேயர் ஒருவர், தானே கொடுப்பவர், இரண்டு நிமிடம் தன் கதையைச் சொல்லட்டும். அந்த ஊருக்குள் அந்த நிலையம் என்ன செய்கிறது என்பது அதில் வர வேண்டும்: பள்ளி வயது வராத குழந்தைகளுக்கான காலை நிகழ்ச்சி, உள்ளூர் வரலாறு, புயல் எச்சரிக்கை. அரசியலைத் திட்டி ஆரம்பிக்காதீர்கள், அறையில் எல்லாக் கட்சிக்காரரும் இருப்பார்கள், எல்லோரும் ரொட்டி செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான்.

பிறகு மேலாளர் வந்து தெளிவான ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். "உங்களால் முடிந்ததை" என்றால் இருபது டாலர் வரும். மாதாமாதம் தானாகப் போகும் கொடையைக் கேளுங்கள். பல நிலையங்களில் மாதம் 5 டாலரிலிருந்தே நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்க்கும் பி.பி.எஸ் பாஸ்போர்ட் வசதி கிடைக்கும், ஆனால் இந்த அறையில் கேட்க வேண்டியது அதைப்போல் பத்து மடங்கு. முன்பே ஒரு பெரிய கொடையாளரிடம் பேசி, இன்றிரவு வருகிற ஒவ்வொரு டாலருக்கும் அவர் ஒரு டாலர் சேர்ப்பதாக வாக்கு வாங்கியிருந்தால் இங்கே சொல்லுங்கள். மேஜையில் அட்டையும் பேனாவும், பக்கத்தில் க்யூஆர் குறியீடும் இருக்கட்டும். அட்டையை எழுத ஆளுக்கு இரண்டு நிமிடம் வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் யாரும் பேசக் கூடாது, இசையும் வேண்டாம். சங்கடமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு

மிச்ச உணவை அன்றிரவே உள்ளூர் உணவு வங்கிக்கோ வீடற்றோர் விடுதிக்கோ கொடுக்க முன்பே பேசிவையுங்கள். நல்லெண்ணத்தோடு கொடுப்பவர் மேல் வழக்கு வராதபடி 1996-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று பாதுகாக்கிறது, ஆகவே பயந்து குப்பையில் கொட்ட வேண்டாம். சரியான வெப்பநிலையில் இருந்தவை மட்டும்தான், பஃபே மேசையில் மூன்று மணி நேரம் கிடந்தவை அல்ல.

இரண்டு நாளுக்குள் எல்லோருக்கும் நன்றி போன். அந்தப் போனில் பணம் கேட்கக் கூடாது, மேஜையில் அவர் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறோம் என்று காட்டினால் போதும். மூன்றாம் வாரம், பெரியதாகக் கொடுக்கக்கூடியவர்கள் பத்துப் பேரை மேலாளர் தனியாகக் காபிக்கு அழைக்கட்டும், கேட்பது அங்கே. அவர்கள் வேலை செய்யும் நிறுவனம் அவர்கள் கொடைக்கு இணையாகத் தானும் ஒரு தொகை தருமா என்றும் கேளுங்கள். மென்பொருள் நிறுவனங்களில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு அந்த வசதி இருக்கிறது, படிவத்தை நிரப்பத்தான் சோம்பல்.

விருந்தினரின் கத்திகளை எண்ணிப் பார்த்து அன்றிரவே அவரிடம் கொடுத்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, பெட்டியில் போடுவதற்கு அவருக்கு நேரம் வேண்டும். எங்களிடம் ஒருமுறை ஒரு காய் சீவும் கத்தி தங்கிவிட்டது, கூரியரில் அனுப்பிய செலவு கத்தியின் விலையைத் தாண்டியது.